எரிந்தது எது? எரித்தது எது?

கரண்ட் இல்லாவிட்டால் என்ன பாடு என்பதை நம்ம அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபின் எத்தனை ராத்திரி மெழுகுவர்த்தியில் கழிந்தது! ஆனால் கரண்ட் அளவுக்கு மீறி வந்தால்? அதை எனக்குச் சொல்லித்தந்தது எதிர்வீட்டு அத்தையின் இண்டக்ஷன் அடுப்பு.

ஒரு காற்று மழை நாளில் அடுப்பு 'பட்'டென்ற சத்தத்தோடு அடங்கிவிட்டது. "போர்டே போச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம். வீட்டில் கேஸும் தீர்ந்த நேரம். "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியேப்பா, கொஞ்சம் பாரேன்" என்று கொண்டுவந்து கொடுத்தார்.

மெயின் கபாசிட்டரை ஒரு பல்பு வழியாக டிஸ்சார்ஜ் செய்த பிறகே போர்டில் கை வைத்தேன். (230 வோல்ட் ஏசி ரெக்டிஃபை ஆனால் உச்சத்தில் சுமார் 325 வோல்ட். ஜாக்கிரதை!) பியூஸ் கண்ணாடி கறுத்திருந்தது. பக்கத்தில் வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்திருந்தது. மல்டிமீட்டரில் பார்த்தால் பிரிட்ஜும் ஐ.ஜி.பி.டி.யும் நல்லாவே இருந்தன.

சின்னச் சாமான் இரண்டை மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் வேரிஸ்டர் சும்மா வெடிக்காது. மேலே 471 என்று போட்டிருந்தால் 470 வோல்ட் என்று அர்த்தம். அதுவரை தூங்கும். தாண்டினால் விழித்துக்கொண்டு, கரண்டைத் தன் வழியே இழுத்து, பியூஸைப் போகவைத்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும். 230 வோல்ட் வீட்டில் அவ்வளவு ஏறியது எப்படி?

"அத்தை, அடுப்பு நின்னப்போ லைட்டு எப்படி எரிஞ்சிச்சு?"

"பளீர்னு எரிஞ்சிச்சுப்பா! ஃபேன் பேய் மாதிரி சுத்திச்சு. பக்கத்து வீட்ல டிவியும் போயிருச்சாம்."

புரிந்துவிட்டது. நியூட்ரல்! தெருவுக்கு வரும் மூன்று பேஸில் எந்த இரண்டுக்கும் இடையே 400 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைவான வீட்டில் வோல்டேஜ் எகிறும். அதிகமான வீட்டில் இறங்கும். பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தேன். 270 காட்டியது, அடுத்த நிமிஷம் 190. மெயினை ஆஃப் செய்து, பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி, லைன்மேன் அண்ணனுக்குப் போன் போட்டோம். கம்பத்தில் நியூட்ரல் ஜாயிண்ட் காற்றில் ஆடி ஆடிக் கருகியிருந்தது.

அவர் சரிசெய்த பிறகுதான் புது வேரிஸ்டரும் அதே ஆம்பியர் பியூஸும் போட்டேன். அப்போதும் நேரே பிளக்கில் சொருகவில்லை. 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டேன். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட். ஒருதரம் மின்னி மங்கினால் நல்லது. மின்னி மங்கியது! அன்று ராத்திரி அத்தை வீட்டில் உலை கொதித்தது.

பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி "ஓடுது பார்" என்று காட்டுவது பெரிய விஷயமே இல்லை. அப்படிச் செய்திருந்தால் அடுத்த காற்றுக்கு அடுப்போடு வீடும் எரிந்திருக்கும். அந்தத் தெருவில் இன்னும் எத்தனை டிவி, எத்தனை ஃபிரிட்ஜ் போயிருக்குமோ!

ஆகவே நண்பர்களே, கருகிய பாகத்தைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அது சாட்சி. முதலில் அதை விசாரியுங்கள். அப்புறம் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணலாம்!