டொமைன் யார் பெயரில்?

ஜூன் 3

திருப்பூர் பனியன் கம்பெனியின் புது வெப்சைட் இன்று திறந்தது. படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, முதலாளிக்கு ஏக சந்தோஷம். பதினோரு மணிக்கு மெர்ச்சண்டைசர் பரபரப்பாக வந்தார். சாம்பிளுக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டதாக ஜெர்மனி பையர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். மெயில் பெட்டியிலோ நேற்றிரவுக்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் இல்லை.

மதியத்துக்குள் அட்மின் காரணத்தைப் பிடித்துவிட்டார். வெப்சைட் செய்த நிறுவனம் நேம்சர்வரைத் தன் ஹோஸ்டிங்குக்கு மாற்றச் சொல்லியிருந்தது. பழைய டிசைனரிடம் போனில் சொல்ல, அவர் மாற்றிக் கொடுத்தார். நேம்சர்வர் மாறும்போது வெப்சைட்டோடு அந்தப் பெயரின் கீழுள்ள மொத்தப் பதிவேடும் மாறிவிடும். புதுப் பதிவேட்டில் வெப்சைட் இருக்கும் இடத்தைக் காட்டும் ‘ஏ’ ரெக்கார்ட் மட்டும் இருந்தது. மெயில் போகவேண்டிய இடத்தைச் சொல்லும் எம்எக்ஸைக் காணோம்.

எம்எக்ஸ் இல்லையென்றால் அனுப்பும் சர்வர் உடனே கைவிடாது. ‘ஏ’ ரெக்கார்டில் உள்ள மெஷினிடமே கடிதத்தைக் கொடுத்துப் பார்க்கும். விதி அப்படி. பையரின் கடிதமும் வெப்சைட் மெஷினுக்குப் போய், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது.

“வெப்சைட்டு ஜோரா இருக்குது. மெயிலு எங்க போச்சு அம்மணி?” என்று முதலாளி கேட்டார்.

“சாயங்காலத்துக்குள்ள எடுத்துரலாமுங்க” என்றார் அட்மின்.

நல்லவேளை, பழைய நேம்சர்வர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதையே நேராகக் கேட்டு எம்எக்ஸ் வரிகளை எடுத்தாயிற்று. டிகேஐஎம் கையெழுத்துச் சாவிதான் பாடாய்ப் படுத்தியது. அது ஒரு செலக்டர் பெயரின் கீழ் இருக்கும். பெயர் தெரியாமல் கேட்டால், இந்தப் பதிவேடுகளைப் பார்த்துப் பதில் சொல்லும் டிஎன்எஸ் எதுவும் சொல்லாது. போன வாரம் கம்பெனியிலிருந்து போன மெயில் ஒன்றின் ஹெட்டரைத் திறந்து, கையெழுத்து வரியில் ‘எஸ்’ என்ற எழுத்தைத் தேடி, அதற்குப் பின்னாலிருந்த பெயரைக் கண்டெடுத்தார்.

ஜூன் 4

சாயப்பட்டறை மெயில் வருகிறது. ஜெர்மனி மெயில் வரவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போட்ட பிறகுமா என்று அட்மினுக்கு ஆத்திரம்.

காரணம் டிஎன்எஸ் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. 1983க்கு முன்பு இணையத்துக் கணினிப் பெயர்களெல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். வலை பெருகப் பெருக அது தாங்கவில்லை. அந்த ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ்ஸில் அவரவர் பதிவேட்டை அவரவர் வைத்துக்கொள்ளலாம். கேட்டவர்கள் பதிலைக் குறிப்பிட்ட நொடிகள் வரை நினைவில் வைத்திருப்பார்கள், அதுதான் டிடிஎல். டாட் காம் பெயர்களின் நேம்சர்வர் விவரத்துக்கு அது 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள். பழையதை நினைவில் வைத்திருக்கும் சாயப்பட்டறைக்கு மாற்றமே தெரியவில்லை. நேற்றுப் புதிதாகக் கேட்ட ஜெர்மனிக்கு ‘எம்எக்ஸ் இல்லை’ என்ற பதில் கிடைத்தது. இல்லை என்ற பதிலையும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பார்கள். கூகுளின் பொது டிஎன்எஸ்ஸில் பழைய நினைவை அழிக்க ஒரு பக்கம் உண்டு. பையரின் அலுவலகம் யாரைக் கேட்கிறதோ, அதை இங்கிருந்து அழிக்க வழியில்லை.

ஜூன் 5

ஒப்புதல் மெயில் வந்துவிட்டது. தூத்துக்குடிக்கு லாரி கிளம்பிற்று.

ஜூன் 9

கம்பெனி அனுப்பிய இன்வாய்ஸ் பையரின் ஸ்பேமில் கிடந்தது. பதிவேட்டில் எஸ்பிஎஃப் வரி இரண்டு இருக்கிறது: மெயில் சேவைக்காகப் போட்டது ஒன்று, ஹோஸ்டிங் பேனல் தானாகச் சேர்த்தது இன்னொன்று. இந்தப் பெயரில் யாரெல்லாம் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி அது. ஒரு பெயருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக இணைத்தார்.

டிகேஐஎம் சாவியும் பாதியில் அறுந்திருந்தது. டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டக்கூடாது, 2048 பிட் சாவி அதைவிட நீளம். பேனல் வாலை வெட்டிவிட்டு ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. இப்படிப்பட்ட பேனலை விற்பதே தப்பு.

ஜூன் 12

அமைதி. யாரும் மெயிலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூன் 17

போலி மெயிலை என்ன செய்வதென்று பெறுபவர்களுக்குச் சொல்லும் டிமார்க் வரியைச் சேர்த்ததிலிருந்து தினம் அறிக்கை வருகிறது, இந்தப் பெயரில் எந்தெந்த மெஷின் மெயில் அனுப்பியது என்று. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. பனியன் கம்பெனி அவ்வளவு அனுப்புவதில்லை. அட்மின் சேர்த்தது வேறு பயத்தால். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று பையருக்குப் போலி மெயில் போகும் மோசடியில் ஏற்றுமதிக்காரர்கள் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

அறிக்கையில் தெரிந்த முகவரிகள் நடுவே தெரியாதது ஒன்று. கையெழுத்தும் இல்லை, எஸ்பிஎஃப் அனுமதியும் இல்லை. சம்பள சாஃப்ட்வேராக இருக்கலாம் என்று கணக்கர் சொல்கிறார். அட்மினுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 18

டொமைனைப் பூட்டி வைக்கலாமென்று பாஸ்வேர்டைத் தேடினார். கணக்கரிடம் இல்லை, முதலாளியிடமும் இல்லை. பதிவாளர் கணக்கு பழைய டிசைனரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது, உரிமையாளர் பெயரும் அவருடையதே. ஆகஸ்டில் புதுப்பிக்க வேண்டும். ஞாபகப்படுத்தும் கடிதமும் அவருக்குத்தான் போகும்.

1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்காமல் விட, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு லினக்ஸ் நிரலர் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார்.

“அந்தத் தம்பி நம்ம பையன்தானுங்க, ஏமாத்த மாட்டாரு” என்கிறார் முதலாளி. ஏமாற்றுவாரென்று யாரும் சொல்லவில்லை. அவர் போன் நம்பரை மாற்றினால் என்ன ஆகும்?

ஜூலை 2

டிசைனர் சம்மதித்துவிட்டார். பதிவாளர் நிறுவனம் ஜிஎஸ்டி சான்றிதழும் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கேட்டது. அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. சம்பள சாஃப்ட்வேர்க்காரர்கள் அந்த முகவரி தங்களுடையதல்ல என்று எழுதியிருக்கிறார்கள். நேற்றைய அறிக்கையிலும் அது இருந்தது.