சாய்வு முட்டுக்கு அடிதான் பலம்

'கிணற்றுக் குழியின் மண் சுவர் சரியாமல் இருக்கச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தால் போதாதா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 25 ஆண்டுகளுக்கு முன் நானும் போதும் என்றுதான் சொன்னேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஒரு தென்னந்தோப்பு. 30 அடி அகலத்தில் புதுக் கிணறு. கரிசல் மண்ணில் 10 அடி வெட்டியிருந்தார்கள். அவ்வளவு அகலத்துக்குக் குறுக்கு முட்டு எட்டாது. அதனால் சுவரில் பலகை சார்த்தி, குழியின் தரையிலிருந்து கம்புகளைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். வேலைக்கு இடம் வேண்டுமென்று கம்புகளை நிமிர்த்தியே வைத்திருந்தார்கள். கம்பின் தடிமனைப் பார்த்தேன், அடியைப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவில் ஐப்பசி மழை. விடியும்போது சுவர் சரிந்து கிடந்தது. ஒரு கம்புகூட ஒடியவில்லை. அடிகள் சேற்றில் புதைந்து, பலகைகள் மேல்நோக்கி நழுவியிருந்தன. இரண்டு மணி நேரம் கழித்துச் சரிந்திருந்தால் ஆறு பேர் உள்ளே இருந்திருப்பார்கள். அண்ணாச்சி ஒன்றுதான் சொன்னார்: "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் ஆளை இறக்கினேன்."

பிறகு பொறியாளர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மழையில் ஊறிய மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2 டன் இருக்கும். மண் 100 கிலோ பக்கவாட்டில் தள்ளினால், 45 டிகிரி சாய்வில் நிற்கும் முட்டு 141 கிலோ தாங்க வேண்டும். 60 டிகிரிக்கு நிமிர்த்தினால் 200 கிலோ. நிமிர நிமிரப் பலகையை மேலே தூக்கும் விசையும் கூடும்.

ஆகவே, முட்டின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அடியும் சுவரிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கட்டும். அடியில் குழி பறித்து, முட்டுக்கு நேர்குறுக்காக அகலமான பலகையைப் பதித்து, பின்னால் கல் கொடுங்கள். தலை நழுவாதபடி பலகையில் கட்டை அறையுங்கள். ஆழம் போகப் போக மண்ணின் தள்ளல் அதிகம். உச்சியில் மட்டும் ஒரு வரிசை முட்டு போதாது. வெட்டிய மண்ணைக் கரையிலிருந்து 1.5 மீட்டர் அல்லது குழி ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ, அவ்வளவு தள்ளிக் கொட்டுங்கள். இடமிருந்தால் முட்டைவிடப் படிப்படியாகச் சரித்து வெட்டுவதே மேல்.

ஆழமான குழி என்றால் வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். மழை பெய்த மறுநாள், முட்டுகளைப் பார்க்காமல் ஆளை இறக்காதீர்கள்.

நான் படித்தது பயிர். அன்று 'எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும்.