ஆளெண்ணும் குறிப்புகள்: எட்டியாந்தோட்டை, இறக்குவானை

கணக்கெடுக்க வருபவர் பகலில் வருகிறார்.

ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போனவர்கள் மலையில். தேயிலைக் கொழுந்துக்குப் போனவர்களும் மலையில். லயத்து வரிசை வீட்டில் அம்மாயி மட்டும்.

கேள்வி சிங்களத்தில். பதில் தமிழில். நடுவே நிற்பது ஐந்தாம் ஆண்டு படிக்கும் பேரன். எழுதப்படுவது யாருடைய பதில்?

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அன்றைக்குப் பால்வெட்டுக்காரர்கள் வீட்டில். கேட்க ஆள் வராது.

‘இந்தியத் தமிழர்’ என்ற தனிக் கட்டம் இலங்கையின் 1911 கணக்கெடுப்பில் வந்தது. 2024இல்தான் பக்கத்தில் ‘மலையகத் தமிழர்’ என்றும் சேர்த்தார்கள்.

இந்தக் கட்டத்தில் எண்ணப்பட்டவர்கள் 1981இல் நாட்டு மக்களில் 5.5 சதவீதம். 2012இல் 4.1. 2024இல் 2.8.

கடைசிப் பன்னிரண்டு வருசத்தில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல் குறைவு. அத்தனை பேர் சாகவில்லை. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தக் காலம்போல் இந்தியாவுக்குக் கப்பலேறவும் இல்லை. பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டார்கள்.

1948இல் இவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை போனது. ‘இந்திய’ என்று எழுதத் தயங்குகிறவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் எண்ணிக்கை குறைந்தால் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் கேட்கும் பலமும் குறைகிறது. உயர்தர வகுப்பு இல்லாத பள்ளிக்கூடம். பிள்ளையைச் சிங்களப் பள்ளிக்கு மாற்றும் தகப்பன். இரண்டையும் ஒரே தோட்டத்தில் பார்க்கலாம்.

1981 கணக்கெடுப்பு மார்ச்சில். ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கம் தமிழர்மீது தாக்குதல். பலர் வவுனியாவுக்குப் போனார்கள். மார்ச்சில் எண்ணிய ஆள் அதே லயத்தில் இல்லை.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000 முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம். இங்கே சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைக்கும் ஒரு கட்டம்தான்.

2018 அக்டோபர் 24. கொழும்பு காலிமுகத்திடல். கறுப்புச் சட்டையில் மலையக இளைஞர்கள். நாளுக்கு 1,000 ரூபா சம்பளம் கேட்டார்கள். அவர்களிடம் கருத்துக் கேட்டு எந்தப் படிவமும் போகவில்லை, தாங்களாகவே வந்தார்கள்.

2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. 1,000 வந்தது 2021இல்.

என்ன இனம் என்று கேட்கிறார்கள். லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்று இங்கே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அம்மாயிக்குத் தன் வயது தெரியாது. எந்தத் தோட்டத்துரை காலத்தில் பிறந்தேன் என்பது தெரியும். அதற்குப் படிவத்தில் இடமில்லை.

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. அடுத்த முறை ஆள் வந்தால் வேலை விட்ட பிறகு வரச் சொல்லுங்கள். தமிழில் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் குறித்தார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.