ஒன்றுக்கு மூன்று

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் இரசாயனவியலைப் பற்றி எழுதப் புகுவது கண்டு நகைப்போர் நகைக்கட்டும். உயர்தரப் பரீட்சைக்கு நான் முதன்முறை தோற்றியது விஞ்ஞானப் பிரிவிலேதான். இரசாயனவியலில் சித்தியெய்தாமற்போகவே, மறுமுறை கலைப் பாடங்களை எடுத்துப் பல்கலைக்கழகம் புகுந்தேன். வயலை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பித்த தந்தையார் அதுபற்றி ஒரு சொல்லும் கூறினாரில்லை. அந்த மௌனம் என்னை நெடுநாள் உறுத்திற்று.

சென்ற விடுமுறையில், விஞ்ஞானப் பிரிவிற் பயிலும் தங்கை தன் கொப்பியுடன் வந்தாள். ஒரு மூல் நைதரசனும் மூன்று மூல் ஐதரசனும் தாக்கமுற்று இரண்டு மூல் அமோனியாவைத் தரும். 28 கிராம் நைதரசனுக்கு எவ்வளவு ஐதரசன் வேண்டும் என்பது வினா. அவள் எழுதியிருந்த விடை 84 கிராம்.

"ஒண்டுக்கு மூண்டு எண்டுதானே அண்ணா சமன்பாடு சொல்லுது?"

திடுக்குற்றேன். பரீட்சை மண்டபத்தில் நானும் இதே வழியிலன்றோ சென்றேன்! சமன்படுத்திய சமன்பாட்டிலுள்ள எண்கள் துணிக்கைகளின் எண்ணிக்கை பற்றியவை. தராசு அவற்றை அறியாது. ஒரு மூல் என்பது ஏறத்தாழ 6.022 × 10²³ துணிக்கைகள். எப்பொருளாயினும் இவ்வெண்ணிக்கை ஒன்றே; திணிவுதான் பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

ஆகவே முதலில் கிராமை மூலாக்க வேண்டும். நைதரசனின் மூலர்த் திணிவு 28 கிராம். எனவே நம்மிடம் இருப்பது 1 மூல். இங்கேதான் ஒன்றுக்கு மூன்று என்னும் விகிதத்தைக் கொள்ளவேண்டும். 3 மூல் ஐதரசன் தேவை. ஒரு மூல் ஐதரசன் 2 கிராம் ஆகையால் விடை 6 கிராம். விளைவது 2 மூல் அமோனியா, அதாவது 34 கிராம். நான்கு மூல் இரண்டாகக் குறைந்தபோதும், 28உம் 6உம் சேர்ந்த 34 அப்படியே நிற்கின்றது. அணுக்கள் இடம் மாறினவேயன்றி ஒன்றும் தொலையவில்லை.

திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தந்தையார், "உந்தக் கணக்குக்குள்ளை யூரியாவும் வருமோ, தம்பி?" என்றார்.

வரும் என்றேன். அந்த 2 மூல் அமோனியாவுடன் 1 மூல் காபனீரொட்சைட்டுச் சேர, 1 மூல் யூரியாவும் 1 மூல் நீரும் கிடைக்கும். யூரியா 60 கிராம். அதனுள் நாம் தொடங்கிய 28 கிராம் நைதரசன் முழுவதும் உண்டு. நூற்றுக்கு 46 என உரப்பையில் அச்சிட்டிருப்பது இதனையே. 50 கிலோப் பையொன்றில் ஏறத்தாழ 23 கிலோ நைதரசன்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எங்கள் பயிர் மஞ்சளித்து நின்றது. மிஞ்சிக் கிடந்த அரைப்பை யூரியாவைத் தந்தையார் கைப்பிடி கைப்பிடியாக அளந்து தூவியதை நாங்கள் கண்டிருக்கின்றோம். அவர் சற்று நேரம் விரல்களை மடித்து எண்ணினார்.

"அப்ப நீ இதை விளங்கித்தான் இருக்கிறாய்," என்றார்.

காலந்தாழ்த்தி விளங்கிய கணக்கிற்கு எவரும் புள்ளி வழங்கார். ஆயினும் அச்சொல்லை நான் பெற்றுக்கொண்டேன். தங்கை 84ஐ வெட்டிவிட்டு, அடுத்த வினாவுக்குப் பக்கத்தைப் புரட்டினாள்.