கோல் எடுப்பவர்களுக்கும் பங்கு உண்டு

ஃபோன் கதைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுபவனை எல்லோரும் திட்டுகிறோம். அந்த நேரத்தில் அவனுக்குக் கோல் எடுத்தவரை ஒருவரும் கேட்பதில்லை.

சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால், கண்டி வீதியோரம் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையில் ஃபோனைச் செருகி, கழுத்தை ஒரு பக்கம் சரித்தபடி ஒருவர் வருவார். முன்னால் பெற்றோல் தாங்கியில் பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளை. "ஓம், சொல்லுங்கோ, கேக்குது" என்று கத்திக்கொண்டே மரக்கறி ஏற்றிவந்த லாண்ட்மாஸ்டரை விலத்துவார். பிள்ளை இரண்டு கையாலும் கண்ணாடித் தண்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும். பொலிஸார் மறித்துத் தண்டம் எழுதத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் நிற்கும் இடத்தை எதிரே வருபவர் லைற் அடித்துக் காட்டிக்கொடுக்கிறார். அதை நாங்கள் உதவி என்று நினைக்கிறோம்!

மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வண்டி செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் ஓடும். யார் எடுக்கிறார் என்று மூன்று செக்கன் திரையைப் பார்த்தால் 50 மீற்றர் ரோட்டைப் பார்க்காமலே போய்விடும். காதில் வயர் கொழுவிக் கதைத்தாலும் புத்தி கதையில்தான் நிற்கும்.

சாவகச்சேரி இருக்கும் எங்கள் தென்மராட்சிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1990இல் போரால் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது. இடையில் ரயிலையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கம் அதற்கு வாய்க்கவில்லை. மீசாலை, சங்கத்தானைப் பக்கத்தில் தண்டவாளத்தைக் கடக்கும் ஒழுங்கைகள் எல்லாவற்றுக்கும் கேற் போட்டுக் காவலாளி வைத்தா இருக்கிறது? அங்கே ரயிலின் கூவலைக் கேட்கும் காதுதான் காவல். அந்தக் காதும் ஃபோனில் இருந்தால் என்ன செய்வது?

2016 டிசம்பரில் சங்கத்தானையில் வானும் பஸ்ஸும் மோதிப் பத்துப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அப்படி ஒரு சாவு விழுந்தால் "அவையின்ரை காலம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுகிறோம். 2000இல் சண்டையில் ஊரே தரைமட்டமானபோது ஷெல்லில் செத்தவர்களுக்கும் அதைத்தான் சொன்னோம். அப்போது வேறு எதுவும் எங்கள் கையில் இருக்கவில்லை. ரோட்டுச் சாவுக்கும் அதையே சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனிக் கோல் எடுப்பவர்களின் பங்குக்கு வருவோம். கனடாவில் இரவுச் சாப்பாடு முடித்து ஆறுதலாகக் கோல் எடுக்கும் நேரம், இங்கே பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் விழுந்தடித்து ஓடும் நேரம். எடுக்காவிட்டால் "ஏன் எடுக்கேல்லை? எங்களை மறந்திட்டியளோ?" என்று கோபம் வரும். அந்தக் கோபத்துக்குப் பயந்தே பலர் ஓடும்போது எடுக்கிறார்கள். இப்படிக் கோபப்படுவதில் மனைவியும் தாயும் முதலாளியும் கூட விலக்கில்லை.

எங்கள் வீட்டில் இப்போது கோல் எடுப்பவர் முதலில் கேட்பது, "எங்கை, ஓடிக்கொண்டோ நிக்கிறாய்?" ஓம் என்றால் உடனே வைத்துவிட வேண்டும், சாவுச் செய்தியானாலும் சரிதான். பிள்ளைகள் இதற்குப் பழகிவிட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிதான் இன்னும் முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளோடு இதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும்.