சத்தம் போடாத டேப்பட்

மாங்காடு

அடியே ஸ்டுட்கார்ட் மகாராணி,

உன் கடிதம் வந்துது. உன் வீட்டுக்காரர் பழைய போர்ஷே 911 ஒண்ணை வாங்கி, வந்த கையோட இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்கார்னு அழாத குறையா எழுதியிருக்கே. நீ மட்டும்தான் மாட்டிக்கிட்டேன்னு நினைக்காதே. எங்க வீட்டு வராண்டாவுலயும் ஒரு சிலிண்டர் ஹெட் குந்தியிருக்கு. மாமனார் ஓட்டின புல்லட்டோடது. அத்தை போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் "என் பையன் காயலான் கடை வச்சிருக்கான்"னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. எதிர்வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேல போய், நாங்க வண்டியை விக்கப்போறோம்னு தெருவெல்லாம் பரப்பிட்டா. நேத்து ஒருத்தர் விலை பேசவே வந்துட்டார்!

வண்டி திருவொற்றியூர்ல செஞ்சது. 1955-ல என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பிச்சு, இங்கிலாந்துல தாய்க் கம்பெனி மூடினப்புறமும் இங்கே விடாம செஞ்சுக்கிட்டிருந்த அதே 346 சிசி இன்ஜின். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. நிதானமா, அடிச்சு இழுக்குற வண்டி. எங்க வீட்டுக்காரருக்கோ அதுல பறக்கணும். ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு அலைஞ்சு, வால்வைத் திறக்குற ரேஸ் கேம், கடினமான வால்வு ஸ்பிரிங்குன்னு பட்டியலோட வந்தார். கேட்ட விலையை உனக்கு எழுதினா நீ ஊருக்கே வரமாட்டே.

குமணன்சாவடி மெக்கானிக் அண்ணன் பட்டியலைப் படிச்சுட்டு மடிச்சுத் திருப்பிக் கொடுத்தார். "சார், ஸ்பிரிங் கடினமா போட்டா வேகமா சுத்தும்போது வால்வு மிதக்காது, சரி. இந்த இன்ஜின் அவ்வளவு வேகம் சுத்தவே சுத்தாதே! அந்த அழுத்தமெல்லாம் கேம் தலையிலதான் விழும். சும்மா தேயும்." அப்புறம் எக்ஸாஸ்ட் வால்வைக் கையில எடுத்துக் காட்டினார். "நம்ம காமாட்சி பஞ்சாக்கினி நடுவுல ஒத்தக்கால்ல தவம் நின்ன ஊரும்மா இது. இதுவும் அப்படித்தான். ஒத்தக்கால், சுத்தி நெருப்பு."

வால்வுக்குச் சூடு இறங்க ரெண்டே வழிதான். மூடியிருக்கும்போது, தான் உட்கார்ற சீட்டைத் தொட்டு இறங்கும். தண்டு வழியா, அதைச் சுத்தியிருக்கிற கைடுக்கு இறங்கும். எங்க வண்டியில கைடு தேஞ்சு வால்வு ஆடுது, ஆடினா சீட்டுல சமமா உட்காராது. பெட்ரோல்ல ஈயம் இருந்தவரைக்கும் அது சீட்டு மேல மெல்லிசா படிஞ்சு தேய்மானத்தைத் தாங்கிச்சு. 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்னுது. அதுக்கப்புறம் பழைய மிருதுவான சீட்டெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உள்வாங்க ஆரம்பிச்சுது. இங்கேதான்டி விஷயம்: சீட் உள்வாங்கினா வால்வு மேலேறும், டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல விடுற இடம், குறையும். கடைசியில வால்வு முழுசா மூடாம கருகும். "டேப்பட் தட்டுதுன்னு வர்றவங்க பொழைச்சுக்குவாங்க, சத்தமே இல்லைன்னு சந்தோஷப்படுறவங்கதான் வால்வை எரிச்சுட்டு வருவாங்க"ன்னார் அண்ணன்.

ஆக அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு லேத்துல கொடுத்து, பாஸ்பர் பிரான்ஸ் கைடும் கடினமான சீட்டும் போட்டாச்சு. இவர் முகம் தொங்கிப் போச்சு. புதுசா மாட்டினது எதுவும் வெளியில தெரியலையாம்!

டேப்பட் இடைவெளி வைக்கிறதை நான்தான் கத்துக்கிட்டேன். காலையில இன்ஜின் ஜில்லுனு இருக்கணும். ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நேரம் பார்த்து பிஸ்டனை மேல நிறுத்தி, வலது பக்கத்து சின்ன மூடியைக் கழட்டினா வால்வைத் தள்ளுற ரெண்டு புஷ்ராடு தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு உருட்டினா தங்குதடையில்லாம சுத்தணும், மேல கீழ ஆட்டம் மட்டும் இருக்கக்கூடாது. சூடானா சிலிண்டர் வளர்ந்து இடைவெளி தானா வந்துடும். இவர் விரலுக்கு அந்தப் பதம் பிடிபடலை. தோசை மாவு பதம் பார்த்த கைக்குப் பிடிபட்டுடுச்சு.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில ரிட்டயர் ஆன சித்தப்பா வந்து பார்த்துட்டு, "எங்க விஜயந்தா டேங்குல வால்வே கிடையாது"ன்னு பீத்திக்கிட்டார். உண்மைதான். அந்த லேலண்ட் இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு பிஸ்டன் எதிரும் புதிருமா ஓடும். காத்தும் புகையும் சுவத்துல இருக்கிற ஓட்டை வழியாவே போய்வரும்.

உங்க 911 வேற ஜாதி. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு, புஷ்ராடே இல்லாம கேம் ஹெட்டுலயே இருந்து சங்கிலியில சுத்துது. டேப்பட் இடைவெளி 0.1 மில்லிமீட்டர், அதையும் ஆறின இன்ஜின்லதான் வைக்கணும். எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டுக்குள்ள சோடியம் வச்சிருப்பாங்க. அது 98 டிகிரியில உருகி, மேலும் கீழும் குலுங்கி, சூட்டைக் கைடுக்குக் கொண்டுபோகும். கைடு தேஞ்சிருந்தா அதுவும் பிரயோசனப்படாது. அப்புறம் சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர். எண்ணெய் அழுத்தத்துல இயங்குற நல்லது 1984 மாடல் கரெராவுலதான் வந்துது. பழைய வண்டிக்கும் மாட்டலாம். பழசு தளர்ந்துச்சுன்னா சங்கிலி பல் தாண்டும், வால்வு பிஸ்டன்ல போய் இடிக்கும், உங்க வருஷச் சேமிப்பு காலி.

அதனால உன் வீட்டுக்காரர்கிட்ட ரசீதையெல்லாம் வாங்கிப் பாரு. டென்ஷனர், கைடு, சீட் மூணும் அதுல இருந்தா மிச்சத்தைப் பேசட்டும். ரேஸ் கேம்தான் முதல்ல வந்திருக்குன்னா, கிரெடிட் கார்டை வாங்கி உன் பையில வச்சுக்கோ.

உன்,
மாங்காட்டுக்காரி