ஒரு காப்பி கேட்டிருக்கலாம்

கொல்கத்தாவில் முதல் நாள் காலை நான்கு மணிக்கே விழித்துவிட்டேன். கடிகாரத்தில்தான் நான்கு. உடம்புக்கு மலேசிய நேரம், ஆறரை. விடுதி அறையில் நண்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனை எழுப்பாமல் கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு சதர் ஸ்திரீட்டில் இறங்கினேன். மஞ்சள் அம்பாசிடர் டாக்சிக்காரரிடம் "மல்லிக் காட்" என்றேன். அதற்குமேல் பேச என்னிடம் இந்தியும் இல்லை, வங்காளமும் இல்லை.

மல்லிக் காட், ஹவுரா பாலத்தின் காலடியில் ஹூக்ளி ஆற்றை ஒட்டி இருக்கும் பூச்சந்தை. நான் போனபோது இன்னும் விடியவில்லை. டிசம்பர் பனியில், 1943இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலம் பாதிதான் தெரிந்தது. கீழே செண்டுமல்லிச் சரங்களைப் பெரிய வளையங்களாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு குவியல் நகர்ந்து வரும், அதன் நடுவில் ஒரு தலை மட்டும் தெரியும். தரையெல்லாம் சேறும் மிதிபட்ட பூவும். வழியில் நின்றால் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

இந்த ஊருக்கு வர வேண்டுமென்ற ஆசை, ரகுபீர் சிங்கின் படங்களைப் பார்த்ததிலிருந்து தொடங்கியது. கறுப்பு வெள்ளைதான் கலை என்று பலர் நம்பிய காலத்தில் வண்ணத்தில் எடுத்தவர். கல்கத்தாவைப் பற்றிய அவருடைய புத்தகம் 1988இல் வந்தது. அந்தப் படங்களில் தெருவில் போகிற யாரும் கேமராவுக்காக நிற்பதுபோல் எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்படி எடுக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய ரிக்கோ ஜிஆர். சட்டைப் பையில் அடங்கிவிடும். குவியத்தை இரண்டு மீட்டரில் நிறுத்தி, துளையை எஃப் 8இல் வைத்துவிட்டால், ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். கண்ணருகே தூக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் வைத்தே அழுத்தலாம். சத்தமும் கேட்காது. எடுக்கப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது.

தெருப் படம் எடுக்கிறவர்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டால் படம் போய்விடும். கேட்டவுடன் ஆள் தலைமுடியைக் கோதுவார், சட்டையை இழுத்துவிடுவார், முகத்தில் ஒரு 'போட்டோ முகம்' வந்து உட்கார்ந்துவிடும். கார்த்தியே-பிரெஸ்ஸான் தன் லைக்காவின் பளபளப்பான பகுதிகளில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். 1952இல் வந்த அவருடைய புத்தகத்தை ஆங்கிலப் பெயரால்தான் நமக்குத் தெரியும், 'தீர்மானமான கணம்' என்ற பொருளில். பிரெஞ்சுத் தலைப்பு வேறு. அதில் உள்ள சொல், அனுமதியில்லாமல் தெருவில் கடைவிரித்து, போலீஸ் வந்தால் சுருட்டிக்கொண்டு ஓடும் வியாபாரிகளைப் பற்றிப் பேசும்போது புழங்குவது. திருட்டுத்தனமாக, அவசரமாக எடுத்த படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலத் தலைப்பைவிட இதுதான் நேர்மையானது என்றும் தோன்றியது.

சந்தையின் ஓரத்தில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவர் அங்கே இல்லை. முகம் முழுக்கத் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண் எங்கேயோ நின்றிருந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டுமே நமக்கு வருகிற முகம். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் அவர் நிமிர்ந்துவிட்டார்.

"கேனோ?" என்றார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'தாதா' என்ற சொல் வந்தது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சிரித்து, நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். நாலு கடை தள்ளி மண் குவளையில் தேநீர் விற்றுக்கொண்டிருந்தவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. கேனோ என்றால் என்ன என்று கேட்டேன். "ஏன்" என்றார். தாதா என்றால் அண்ணன். நம் சினிமா தாதா இல்லை.

ஏன் எடுக்கிறாய் அண்ணா என்று கேட்டிருக்கிறார்.

அன்று இரவு நண்பனிடம் இதைச் சொன்னேன். "பொது இடம்லா. அதுல என்னா இருக்கு?" என்றான். அவன் சொன்னதற்கு வழக்குகூட உண்டு. பிலிப்-லோர்கா டிகோர்சியா நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நடந்துபோனவர்களை அவர்கள் அறியாமல் எடுத்துக் காட்சிக்கு வைத்தார். எடுக்கப்பட்டவர்களில் ஒருவர், தன் மத நம்பிக்கைக்கு இது விரோதம் என்று வழக்குத் தொடுத்தார். இது கலை என்று சொல்லி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. நண்பனிடம் இதையும் சொன்னேன். "அப்புறம் என்னா? தூங்கு," என்றான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் நினைப்பு வந்துவிட்டது.

1998 தைப்பூசம். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு அடிக்கடி வலிப்பு வந்துகொண்டிருந்த நேரம். மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாடகை பஸ்ஸில் பத்துமலைக்குப் போனோம். பெரிய முருகன் சிலையெல்லாம் அப்போது கிடையாது, அது 2006இல் வந்தது. 272 படிகளும் வண்ணம் பூசாத வெறும் படிகள். அம்மா நாக்கில் அலகு குத்தி, தலையில் குடத்தோடு ஏறினார். நான் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதிப் படியில் அம்மாவுக்கு அருள் வந்தது. அப்போது ஒரு வெள்ளைக்காரர் எங்களுக்கு முன்னால் படியில் மண்டியிட்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அம்மாவின் முகத்தில் ஃபிளாஷ் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கூட்டத்தில் மறைந்தார்.

எங்களிடம் கேமரா இல்லை. அம்மா பால்குடம் எடுத்ததற்கு இருக்கும் ஒரே படம் அந்த மனிதரிடம் இருக்கிறது.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் கோபப்படுவார்கள். அம்மாவுக்குக் கோபமில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அவருக்கு இருப்பது வேறொரு குறை. தைப்பூசம் வரும்போதெல்லாம் சொல்வார்: "அவன்கிட்ட ஒரு காப்பி கேட்டிருக்கலாம்லடா. அன்னைக்கு என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. நீ பாத்த, அப்பா பாத்தாரு, அவன் பாத்தான். நான்தான் பாக்கல."

கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா என்று நாங்கள் மணிக்கணக்கில் வாதாடுவோம். அம்மாவுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. எடுத்தது எங்கே என்பதுதான்.

காலையில் சதர் ஸ்திரீட் பக்கத்திலேயே பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோ திறக்கும்வரை காத்திருந்தேன். இரண்டாவது படத்தைத் தேர்ந்தெடுத்து அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டேன். நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அது. பல்பு வெளிச்சம், பின்னால் ஓடும் ஆரஞ்சு, நடுவில் அசையாத முகம். பெருமையோடுதான் கொண்டுபோனேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். போனபோது பத்து மணி தாண்டிவிட்டது. நல்லவேளை, அவர் இருந்தார்.

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்தார். அவர் சிரித்தார். படம் நாலு கை மாறித் திரும்பி வந்தது. அம்மா ஏதோ சொன்னார். தேநீர்க்காரர் வந்து மொழிபெயர்த்தார்: "வீட்டில் சாவு விழுந்ததுபோல இருக்கிறதாம்."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, முக்காடு போட்டு, பெரிய மாலை ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எடு என்று கையைக் காட்டினார். எடுத்தேன். நேராகக் கேமராவைப் பார்க்கும், பற்கள் தெரியாத, அடையாள அட்டைப் படம் போன்ற ஒன்று. எங்கள் குழுவில் யாருக்கும் காட்ட முடியாது. கேமராவின் திரையில் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. இதுதான் வேண்டும் என்றார். முதல் படத்தைச் சாக்குக்கு அடியில் சொருகிக்கொண்டார். பிடிக்கவில்லை என்றாலும் அதைத் திருப்பித் தரவில்லை.

சாயங்காலம் புதுப் படத்தோடு போனபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார். தேநீர்க்காரர் வாங்கிப் பணப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். கொடுத்தாரா, தெரியாது. மறுநாள் எங்களுக்கு விமானம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்த படத்தைப் பார்த்து "நல்லாருக்காங்க" என்றார். மற்றதை நெடுநேரம் பார்த்தார்.

"நானும் அன்னைக்கு இப்படித்தான் இருந்திருப்பனா?"

"இல்லம்மா. அது வேற மாதிரி."

"எப்படி?"

சொல்லப் பார்த்தேன். ஒன்பது வயதில் பார்த்தது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற எனக்கு, ஃபிளாஷ் வெளிச்சமும் அந்தக் கட்டைவிரலும்தான் தெளிவாக ஞாபகம் இருக்கின்றன. அம்மாவின் முகம் இல்லை.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கீழே தள்ளினார். முகம் திரையைவிட்டுப் போய், கை வந்தது.

"பூ கட்டுறாங்கன்னு சொன்ன? கட்டலடா, ஊசியில கோக்குறாங்க. எவ்ளோ நீளமான ஊசி பாரு."

வாங்கிப் பார்த்தேன். ஊசி இருந்தது.